கிளெனிஸ் ஹிங்ஸ்டன்: பலகைக்குப் பின்னால் ஒரு பெயர்

என் தங்கை கிளெனிஸ் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1971இல் பள்ளி விளையாட்டு நாளில் கரண்டியில் முட்டை ஏந்தி ஓடும் பந்தயத்தில் முதலிடம். அப்போது அவளுடைய இடது காலில் மாவுக்கட்டு. அவள் நொண்டி ஓடுவதைப் பார்த்துச் சிரித்த ஏழு பேரும் முட்டையைக் கீழே போட்டார்கள். பிறகு புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பின் வெள்ளிக்கிழமைக் கோழிக் குலுக்கலில் தொடர்ந்து மூன்று வாரம் மூன்று கோழி. நான்காவது வாரம் அவளுக்குச் சீட்டு விற்க மறுத்துவிட்டார்கள். ஆறாவது முயற்சியில் ஓட்டுநர் உரிமம். ஆறு முறையும் ஒரே அதிகாரிதான், அந்த மாதமே அவர் ஓய்வு பெற்றார். 1989 ஊர்க் கண்காட்சியில் ஸ்பாஞ்ச் கேக்குக்கு இரண்டாம் பரிசு. அவள் அடுப்புக்குக் கதவு கிடையாது, ஒரு பலகையைச் சாத்தி செங்கல்லால் முட்டுக் கொடுத்துச் சுட்ட கேக் அது.

இவற்றையெல்லாம் அவள் பெரிதாக நினைத்ததில்லை. அவள் பெரிதாக நினைத்தது கடைசியாக வென்றதை. அதற்குப் பதினொரு வருடம் ஆயிற்று.

எங்கள் ஊர் அல்வர்ஸ்டன், டாஸ்மேனியாத் தீவின் வடக்குக் கரை. பலகை வீடுகள் நிறைந்த ஊர். ஒவ்வொரு வீட்டிலும் சுவர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் பலகை ஓடும். சுவருக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை மறைப்பதுதான் அதன் வேலை. எங்கள் ஊர்த் தச்சர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பலகையை ஆணியடித்து மாட்டுவதற்கு முன்னால் அதன் முதுகில் பெயரும் தேதியும் எழுதுவார்கள். மூலையை யார் வெட்டினாரோ அவர் பெயர்தான் எழுத வேண்டும். ஐம்பது, நூறு வருடம் கழித்து யாராவது அந்தப் பலகையைப் பெயர்த்தால் பெயர் வெளியே வரும். அன்று மாலை மதுக்கடையில் அதுதான் பேச்சு. "லில்லிகோ போட்ட மூலைய இன்னிக்குக் கழட்டினேன். கத்தி நுனிகூட நுழையல." இப்படிப் பேசப்படுவதற்காகத்தான் எங்கள் தச்சர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

கிளெனிஸ் தச்சு வேலைக்கு வந்தது இருபத்து மூன்று வயதில். அதற்கு முன் பட்டாணி ஆலையில் ஓடும் பட்டையில் கெட்ட பட்டாணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு வருடம். ஒருநாள் வீட்டுக்கு வந்து என்னிடம், "லின், கண்ண மூடினாலும் பச்சையாவே தெரியுது" என்றாள். அடுத்த வாரம் மெர்வ் ஸ்கோபிளின் தச்சுப் பட்டறையில் தரை கூட்டப் போனாள்.

மெர்வ் கெட்ட மனிதர் இல்லை. வேலை தெரிந்தவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஆனால் பிறர் பேசும்போது அவருடைய காது மட்டும் விடுமுறையில் போய்விடும். கிளெனிஸை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் பட்டாணி, அந்த ரம்பத்த எடு." "பட்டாணி, டீ போட்டாச்சா?"

இரண்டே வருடத்தில் பட்டாணி மூலை வெட்டக் கற்றுக்கொண்டாள். உள்மூலையில் இரண்டு பலகை சந்திக்கும்போது இரண்டையும் சாய்த்து வெட்டி ஒட்டிவிட்டு, இடுக்கில் மக்குப் பசை திணித்துத் தேய்ப்பது சோம்பேறிகளின் வழி. பழைய வீட்டில் எந்த மூலையும் நேராக இருக்காது. மழைக்காலம் போனதும் மரம் சுருங்கி, இடுக்கு வாயைப் பிளக்கும். சரியான வழி, முதல் பலகையைச் சுவர்வரை நேராக ஓட்டிவிட்டு, இரண்டாவதன் நுனியை முதல் பலகையின் வளைவுக்கு ஏற்றபடி மெல்லிய வளைவு ரம்பத்தால் அறுத்துப் பொருத்துவது. கிளெனிஸ் அதை அப்படிச் செய்வாள். நான் பக்கத்து ஊரான பர்னியில் காகித ஆலையில் உருளைகளின் இடைவெளி பார்ப்பவன், என்னிடம் தடிமன் பார்க்கும் தகடுகள் உண்டு. அவள் வெட்டிய மூலைகளில் இதுவரை நாற்பத்து மூன்றைச் சோதித்திருக்கிறேன். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குத் தகடு நாற்பத்தொன்றில் நுழையவில்லை. நுழைந்த இரண்டும் அவளுக்குக் காய்ச்சல் கண்டிருந்த வாரம்.

ஆனால் அத்தனைக்குப் பின்னாலும் இருந்த பெயர் எம். ஸ்கோபிள். கறுப்பு மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதுவார். கீழே ஒரு கோடும் இழுப்பார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் கேட்பாள், "மெர்வ், நான் எப்பப் பேர் போடலாம்?"

முதலில் "கதவுக்கு அளவெடுக்கக் கத்துக்க" என்றார். அப்புறம் "மூலை வெட்டக் கத்துக்க" என்றார். அதற்கும் அப்புறம் "அடுத்த வருஷம் பாப்போம், பட்டாணி" என்பதே பதில். அவருக்கு அது விளையாட்டு. அவளுக்கு அப்படி இல்லை. வங்கிக் காசோலையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அவள் போட்ட கையெழுத்தெல்லாம் எங்கள் ஊர்க் கணக்கில் சேராது. அவள் பெயர் பலகைக்குப் பின்னால் இல்லாதவரை அவள் பட்டறை கூட்ட வந்த பெண்தான். மெர்வ் நாளை கடையை மூடினால் அவளை வேலைக்குக் கூப்பிட யாருக்கும் தோன்றாது.

1996 செப்டம்பரில் ஈனிட் ஹேபர்ஃபீல்டின் வீட்டில் வெந்நீர்த் தொட்டி வெடித்தது. அவருக்கு அப்போது எண்பது வயது. ஊரில் பாதிப் பேருக்கு முதல் வகுப்பு எடுத்தவர், அதனால் எல்லோருக்குமே அவர் டீச்சர்தான். தண்ணீர் படுக்கையறை, முன்னறை, நடை மூன்றிலும் புகுந்து பழைய ஸ்கர்ட்டிங்கை எல்லாம் உப்ப வைத்துவிட்டது. மொத்தம் நாற்பத்தாறு மீட்டர் எண்பது சென்டிமீட்டர். நானே இரண்டு முறை அளந்தேன்.

மெர்வ் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். அவருடைய கால்பந்து அணி மெல்போர்னில் இறுதிப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. "பட்டாணி, இந்த வீட்ட நீ தனியாப் பண்ணு. சுத்தமா வந்துச்சுன்னா பேனா உன் கைல. சத்தியமா" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

பழைய பலகைகளைப் பெயர்த்தபோது நடையில், முன்கதவுக்குப் பின்னால் இருந்த துண்டின் முதுகில் பெயர் கிடைத்தது. ஜே. டி. லில்லிகோ, 1911. சாதாரணப் பென்சில் எழுத்து. எண்பத்தைந்து வருடத்தில் ஒரு புள்ளிகூட மங்கவில்லை. கிளெனிஸ் அதைத் துடைத்து, சன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்துவிட்டு வேலை பார்த்தாள். அன்று டீ நேரத்தில் மூன்று முறை எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

இப்போது புதுப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பைன் மரம், இரண்டு பக்கமும் இழைத்தது. ஒரு பக்கம் மேல்விளிம்பு அலை அலையாக இருக்கும், இன்னொரு பக்கம் வெறும் உருட்டு. எந்தப் பக்கம் வேண்டுமோ அதை வெளியே காட்டிக்கொள்ளலாம். டீச்சர் உருட்டுப் பக்கம் கேட்டார். "அலைல தூசி உக்காரும். குனிஞ்சு துடைக்க என்னால முடியாது." கிளெனிஸ் அதை ஆர்டர் தாளில் எழுதி, டீச்சரிடம் கையெழுத்தும் வாங்கினாள்.

மெர்விடம் சொன்னாள். "மெர்வ், டீச்சர் வீட்டுக்கு உருட்டுப் பக்கம்."

"ம்ம்" என்றார் மெர்வ், வானொலியில் போட்டி பற்றிய செய்தி கேட்டுக்கொண்டே.

மறுநாளும் சொன்னாள். "நீ ரம்பத்தப் பாத்துக்க, பேச்ச நான் பாத்துக்கறேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை நானும் அவளும் பட்டறைக்குள் நுழைந்தால், மெர்வ் இருபத்தொரு பலகையையும் வரிசையாகக் குப்புறப் போட்டு ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எழுதிக்கொண்டிருக்கிறார். எம். ஸ்கோபிள், எம். ஸ்கோபிள், கீழே கோடு. மறுநாள் போட்டி பார்க்க மெல்போர்னுக்கு அவருக்குக் கப்பல். ஊரில் எல்லோரும் அலைப் பக்கத்தைத்தான் வெளியே காட்டுவார்கள். ஆகவே அலைப் பக்கம் தரையிலும் உருட்டுப் பக்கம் மேலேயுமாகக் கிடத்தி, உருட்டுப் பக்கத்தையே முதுகு என்று நினைத்து எழுதியிருக்கிறார்.

கிளெனிஸ் வாசலிலேயே நின்றாள். "பேனா என் கைலன்னு சொன்னீங்களே."

"அடுத்த வேலைல, பட்டாணி. நான் ஒம்பது நாள் ஊர்ல இல்ல. யார் பேர் போடறது? வெறுமனே விட முடியுமா?"

"மெர்வ், நீங்க எழுதற பக்கம்..."

"பக்கம் எனக்குத் தெரியும். நீ பொறக்கறதுக்கு முன்னாலயே நான் பக்கம் பாத்தவன்."

"மூணாவது தடவையா சொல்றேன்."

"மூணாவது தடவையா நானும் கேட்டுட்டேன்" என்று பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டார்.

அவள் முகம் சிவந்தது. அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, உதட்டோரம் ஒரு சுழிப்பு வந்தது. முட்டைப் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நின்றபோது வந்த அதே சுழிப்பு. நான் அவளைவிட ஐந்து வயது மூத்தவன், எனக்குத் தெரியும்.

"சரி மெர்வ்" என்றாள். "ஆர்டர் தாள்ல இருக்கற மாதிரியே மாட்டிடறேன்."

"அதான் நல்ல பொண்ணுக்கு அழகு."

ஆர்டர் தாளில் இருந்த மாதிரியே மாட்டினாள். ஏழு நாள் வேலை. மூலைக்கு மூலை வளைவு ரம்பம், ஆணிக்கு ஆணி ரசமட்டம். எனக்கு வேலை இல்லாத நாட்களில் போய்ப் பலகையைத் தூக்கிக் கொடுத்தேன், டீச்சரின் பியானோவையும் நகர்த்தினேன். வேலை முடிந்து பார்த்தால் அற்புதம். ஒரே குறை, படுக்கையறை, முன்னறை, நடை எல்லாவற்றிலும் சுவரடியில் கறுப்புக் கொட்டை எழுத்தில் எம். ஸ்கோபிள், எம். ஸ்கோபிள் என்று ஊர்வலம் போயிற்று. சன்னலுக்குக் கீழே இருந்த சின்னத் துண்டில் மட்டும் பாதி ஸ்கோபிள்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கிளெனிஸ், இது என்ன?"

"உருட்டுப் பக்கம் கேட்டீங்க, டீச்சர். மெர்வும் உருட்டுப் பக்கத்துலயே எழுதிட்டாரு."

"நீ அவன்கிட்ட சொல்லலயா?"

"மூணு தடவ."

டீச்சர் சற்று யோசித்தார். "பெயிண்ட் அடிச்சா மறைஞ்சுடுமா?"

"மார்க்கர் மை மறையாது. எத்தன பூச்சு போட்டாலும் ஊறி வெளிய வரும். முதல்ல ஷெல்லாக் அரக்கு பூசணும், அப்புறம்தான் பெயிண்ட். ஒரு டப்பா கொண்டாந்து வெச்சிருக்கேன்."

"வெச்சிட்டுப் போ" என்றார் டீச்சர். பெயிண்டை அவரே அடித்துக்கொள்வதாக ஏற்பாடு. பெயிண்டர்கள் வானொலியைச் சத்தமாக வைப்பார்கள் என்பது அவர் புகார்.

மெர்வ் ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பினார். அவருடைய அணி தோற்றிருந்தது. டீச்சர் வீட்டு வேலை எப்படி என்று கேட்டதற்கு, "முடிஞ்சுடுச்சு. உங்க பேரு எல்லா எடத்துலயும் இருக்கு" என்றாள் கிளெனிஸ். அவருக்குத் திருப்தி.

அதற்கு அடுத்த வார செவ்வாய்க்கிழமை, டீச்சர் மெர்வை காலை டீக்குக் கூப்பிட்டார். பவுல்ஸ் கிளப் பெண்கள் நால்வரும் வந்திருந்தார்கள். பியானோவைப் பழைய இடத்தில் வைக்க என்னையும், கூட இருக்கட்டும் என்று கிளெனிஸையும் அழைத்திருந்தார். தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக், சிப்பி இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி, நல்ல கோப்பைகள். டீச்சர் நல்ல கோப்பைகளை எடுத்தால் யாரையோ திட்டப் போகிறார் என்று அர்த்தம். மெர்வுக்கு அது மறந்துவிட்டது போலும்.

அவர் உள்ளே வந்து, கேக்கை வாயில் போட்டு, குனிந்து பார்த்தார். வெள்ளைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அதற்குள்ளிருந்து, தண்ணீருக்கடியில் நிற்கும் ஆளைப் போல, எம். ஸ்கோபிள் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பூச்சு அடிச்சேன் மெர்வின்" என்றார் டீச்சர். "ஒவ்வொரு பூச்சுக்கும் நீ எழுந்து எழுந்து வந்தே."

கிளப்பின் ஜாய்ஸ் மாமி கோப்பைக்குள் சிரித்தார். "படுக்கையறையிலயும் இருக்காம் மெர்வ்."

"ஒம்பது எடத்துல" என்றார் டீச்சர். "என் வீட்டுக்காரர் போயி இருபத்தாறு வருஷம் ஆச்சு. இப்பப் போயி, படுக்கற எடத்தச் சுத்தி ஒரு ஆம்பள பேரு. தலகாணிய எந்தப் பக்கம் வெச்சாலும் நீதான் இருக்கே."

மெர்வின் கழுத்து மேலிருந்து கீழ்வரை சிவந்தது. கிளெனிஸ் பக்கம் திரும்பினார். "ஏய் பட்டாணி! பலகையத் திருப்பிப் போட்டியா? முதுகு எது, மொகம் எதுன்னு தெரியாதா உனக்கு?"

டீச்சர் ஆர்டர் தாளை மேசையில் வைத்து விரலால் தட்டினார். "படி மெர்வின். சத்தமா."

"உருட்டுப் பக்கம் வெளியே" என்று மெர்வ் படித்தார். முதல் வகுப்பில் படித்த மாதிரியேதான் படித்தார்.

"கையெழுத்து?"

"உங்களது."

மாட்டிக்கொண்ட மனிதன் எந்தச் சந்தில் வேண்டுமானாலும் ஓடுவான். மெர்வ் கண்ணில் பட்ட முதல் சந்தில் ஓடினார்.

"இருக்கட்டும் டீச்சர், ஆனா இதுல என்னக் குத்தம் சொல்லக் கூடாது. நான் ஊர்லயே இல்ல! மெல்போர்ன்ல ஃபுட்டி பாத்துட்டிருந்தேன். இந்த வீட்டுல நான் ஒரு ஆணிகூட அடிக்கல. எல்லா மூலையும் இவ வெட்டினது. முதல்லேந்து கடைசி வரைக்கும் எல்லாமே இவ வேல!"

ஜாய்ஸ் மாமி கோப்பையைத் தட்டில் வைத்தார். டங் என்று கேட்டது.

"நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா?" என்று டீச்சர் கிளப் பெண்களைக் கேட்டார். நால்வரும் தலையாட்டினார்கள். அந்த நால்வருக்குத் தெரிந்தால் மதியத்துக்குள் ஊருக்கே தெரியும். "அப்ப மெர்வின், நீ செய்யாத வேலைல உன் பேரு என்ன பண்ணுது?"

மெர்வ் மீசையைத் துடைத்தார், தேங்காய்த் துருவல் ஒன்று இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சு வயசுல என் மேசைலயும் இப்படித்தான் பேர எழுதி வெச்சே. அப்ப என்ன சொன்னேன்?"

"துடைக்கச் சொன்னீங்க."

"இப்பவும் அதேதான் சொல்றேன். ஷெல்லாக் டப்பா சமையலறைல இருக்கு. அது வந்து ரெண்டு வாரம் ஆச்சு."

மெர்வ் நிமிர்ந்தார். "டப்பா இருந்துச்சா? அப்ப ஏன் மொதல்லயே பூசல?"

"பூசியிருந்தா நீ எப்படிப் பாப்பே?" என்றார் டீச்சர், இன்னொரு லாமிங்டனை எடுத்தபடி.

சனிக்கிழமை மெர்வ் முழங்காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். இருபத்தொரு பலகையில் தன் பெயரின் மேல் தானே ஷெல்லாக் பூசினார். கிளெனிஸ் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தக் கோட விட்டுட்டீங்க மெர்வ், கீழ இழுத்திருக்கீங்களே, அது" என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் முனகினார். ஆனால் பாதி வேலையில் ஒரு மூலையில் குனிந்து, நகத்தை இடுக்கில் வைத்துப் பார்த்தார். நகம் நுழையவில்லை. அடுத்த மூலைக்குப் போய் அங்கேயும் வைத்துப் பார்த்தார். அங்கேயும் நுழையவில்லை.

நடையில், முன்கதவுக்குப் பின்னால் இருந்த பலகைக்கு வந்தபோது தூரிகை பட்டதும் அது ஆடியது. மெர்வ் கூர்ந்து பார்த்தார். "ரெண்டே ஆணிதான் இருக்கு. அதுவும் பாதிதான் எறங்கியிருக்கு. இந்த ஒண்ண மட்டும் ஏன் ஒழுங்கா அடிக்கல?"

"கழட்ட வேண்டியிருக்கும்னு தோணிச்சு" என்றாள் கிளெனிஸ்.

"எப்பத் தோணிச்சு?"

"மாட்டும்போதே."

மெர்வ் என்னைப் பார்த்தார். நான் மேல்கூரையைப் பார்த்தேன். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். முழங்காலிலிருந்து சாய்ந்து சுவரில் முதுகை வைத்து, ஷெல்லாக் கையோடு கண்ணைத் துடைக்கப் போய், டீச்சர் அதட்டும்வரை சிரித்தார். அவரே ஆணியை நெம்பிப் பலகையைக் கழற்றி, முதுகு மேலே இருக்கும்படி தரையில் கிடத்தினார். இந்த முறை எது முதுகு என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் கிடத்தினார். காதில் இருந்த மார்க்கரை எடுத்து நீட்டினார். "இந்தா, கிளெனிஸ்."

"அது வேணாம். ஊறி வெளிய வரும்" என்று சொல்லி, பையிலிருந்து தட்டையான தச்சுப் பென்சிலை எடுத்தாள். உளியால் கூராக்கினாள். சன்னல் விளிம்பில் நின்ற லில்லிகோவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

டீச்சர் தடியை ஊன்றி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அவசரப்படாம எழுது."

அவள் அவசரப்படவில்லை. முழுதாக ஒரு நிமிடமும் பத்து நொடியும் எடுத்துக்கொண்டாள், நான் கடிகாரம் பார்த்தேன். கீழே கோடு எதுவும் இழுக்கவில்லை. பலகையைத் திருப்பி, மூலையில் அழுத்தி, எட்டு ஆணியையும் முழுதாக இறக்கினாள். என் தகடு நுழையவில்லை. அதற்குப் பின்னால் இருப்பதை இனி யாராவது பெயர்த்தால்தான் பார்க்க முடியும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்:

ஜி. எம். ஹிங்ஸ்டன், 19 அக்டோபர் 1996.